ஃபோல்டரில் உள்ள பிடிஎஃப்களை மட்டும் எடுக்கும் கோடு: அது தரும் பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

மாதம் பிறந்து பத்தாம் தேதி நெருங்கும்போது திருப்பூரின் ஏற்றுமதி அலுவலகங்களில் தவறாமல் வரும் வேலை ஒன்று உண்டு. டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஜாப் ஒர்க் செய்துகொடுத்த யூனிட்டுகளின் பில்கள் எல்லாம் பொது கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும். பையர் அனுப்பிய டெக் பேக், லேபிள் டிசைன், பேக்கிங் லிஸ்ட் எக்செல், எம்பிராய்டரி மெஷினுக்குப் போக வேண்டிய டிஎஸ்டி ஃபைல், யாரோ போட்டு மறந்த போட்டோ என எல்லாமே அங்கேதான் இருக்கும். ஆடிட்டர் கேட்பது பில் பிடிஎஃப்களின் பட்டியல் மட்டும்.

முன்பு ஒருவர் உட்கார்ந்து பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எக்செல்லில் அடிப்பார். இப்போது ஏஐ செயலியிடம் கேட்டால் பைத்தான் என்ற நிரல்மொழியில் மூன்று வரி கோடு (கணினிக்கான கட்டளைகள்) வந்துவிடுகிறது, ஓட்டினால் பட்டியலும் வந்துவிடுகிறது. அதற்கு அப்புறம்தான் குழப்பம். திரையில் எண்ணினால் ஒரு கணக்கு, கோடு சொல்வது வேறு கணக்கு. ஒரு கம்ப்யூட்டரில் ஒரு வரிசை, பக்கத்து டேபிளில் வேறு வரிசை. “ஏனுங்க, நேத்து 48 காட்டுச்சு, இன்னைக்கு 46 காட்டுது?” என்று கேட்டால் கோடு எழுதியவருக்கும் சட்டென்று பதில் வருவதில்லை.

கோடு தன்னிடம் கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்கிறது. நாம் மனதில் வைத்திருக்கும் கேள்வி, “இந்த மாதப் பில்கள் எவை?” கோடுக்குப் போய்ச் சேரும் கேள்வி, “இன்ன எழுத்தில் முடியும் பெயர்கள் எவை?” இந்த இரண்டும் எங்கெல்லாம் பிரிந்துபோகின்றன என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம். ஒரு விஷயம் முன்கூட்டியே: கோடைக் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே வாசிக்கும் ஒலியைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

ஃபோல்டருக்குள் உண்மையில் இருப்பது

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வைத்திருக்கும் இன்வர்ட் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன சரக்கு, எப்போது வந்தது, எங்கே இறக்கியிருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். மூட்டைக்குள் காட்டன் நூலா, விஸ்கோஸா என்று அவர் பிரித்துப் பார்ப்பதில்லை, சொன்னதை எழுதிக்கொள்வார்.

ஃபோல்டரும் அப்படி ஒரு நோட்டுதான். ஃபைல்களின் உள்ளடக்கம் டிஸ்கில் வேறெங்கோ இருக்க, ஃபோல்டரில் பெயரும் சில குறிப்புகளும் மட்டும் இருக்கும். பென் டிரைவ்களில் புழங்கும் ஃபேட் முறையில் பெயர், அளவு, தேதி, தொடங்கும் இடம் ஆகியவை அந்த வரியிலேயே இருக்கும். விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் பெயரும் ஐநோடு எனப்படும் ஒரு எண்ணும் இருக்கும். அளவு, தேதி வேண்டுமென்றால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வேறிடம் போக வேண்டும்.

ஆக, ‘ஒரு வகை ஃபைல்களை மட்டும் எடு’ என்ற வேலையில் இரண்டு படிகள் உள்ளன. நோட்டை முழுதாக வாசிப்பது ஒன்று, வாசித்த பெயர்களை வடிகட்டுவது இன்னொன்று. பைத்தானில் இதன் மிகச் சுருக்கமான வடிவம் இது:

பாத்("பில்கள்").க்ளாப்("*.பிடிஎஃப்")

பாத்லிப் என்ற நூலகத்தில் வருவது இது. 2014-இல் வந்த பைத்தான் 3.4 முதல் மொழியோடு சேர்ந்தே கிடைக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை. ‘பில்கள்’ என்ற ஃபோல்டரைத் திற, பிடிஎஃப் என்று முடியும் பெயர்களைக் கொடு என்பதுதான் பொருள். எந்த ஃபைலையும் இந்த வரி திறந்து பார்ப்பதில்லை.

எக்ஸ்டென்ஷன்: பெயரின் வால்

புள்ளிக்குப் பின்னால் வரும் துண்டுக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். 1981-இல் வந்த எம்எஸ்-டாஸில் ஒரு பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளி, பிறகு மூன்று எழுத்து, அவ்வளவுதான் இடம். அந்த மூன்றெழுத்து வழக்கம்தான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 95 நீளமான பெயர்களுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனால் பழைய எட்டு-மூன்று முறை அடியோடு போய்விடவில்லை. அது வைக்கும் வினையைக் கொஞ்சம் பின்னால் பார்ப்போம்.

எக்ஸ்டென்ஷன் என்பது பெயர் வைத்தவர் சொன்ன சொல், அவ்வளவே. ஒரு போட்டோவின் பெயரை மாற்றி பிடிஎஃப் என்று முடித்தால் கோடு அதையும் பிடிஎஃப் பட்டியலில் சேர்த்துவிடும். உண்மையான வகை தெரிய வேண்டுமானால் ஃபைலின் முதல் சில பைட்டுகளைப் பார்க்க வேண்டும். பிடிஎஃப் என்றால் தொடக்கத்தில் சதவீதக் குறியும் பி-டி-எஃப் என்ற மூன்று எழுத்தும் இருக்கும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், அதனால் ஜிப்பைப் போலவே பி-கே என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். இணையதளங்களிலிருந்து இறக்கும் சில ‘எக்ஸ்எல்எஸ்’ ஃபைல்களைத் திறக்கும்போது, வடிவமும் எக்ஸ்டென்ஷனும் ஒத்துப்போகவில்லை என்று எக்செல் எச்சரிப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு எச்டிஎம்எல் பக்கம், வால் மட்டும் எக்செல்லுடையது.

விண்டோஸ் இந்த வாலை இயல்பாகவே மறைத்துக் காட்டுவது இன்னொரு தொல்லை. 2000 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸுக்கு இந்த மறைப்பு நன்றாகவே உதவியது. காதல் கடிதம் என்று பெயர் வைத்து, டிஎக்ஸ்டி என்று ஒரு வால், அதற்கு அப்புறம் விபிஎஸ் என்று இன்னொரு வால். கடைசி வால் மறைந்துபோனதால் சாதாரண எழுத்து ஃபைல் என்று நினைத்து ஜனங்கள் திறந்தார்கள். கோடு எழுதுவதற்கு முன்னால் எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய் எக்ஸ்டென்ஷன்களைத் தெரியும்படி வைத்துக்கொண்டால், பாதிக் கேள்விகள் கேட்கப்படாமலே தீர்ந்துவிடும்.

நட்சத்திரக் குறி எதைப் பிடிக்கும்

* என்பது ‘எத்தனை எழுத்தானாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும்’ என்று பொருள்படும். ? என்பது ஒரே ஒரு எழுத்து. சதுர அடைப்புக்குள் எழுத்துகளைக் கொடுத்தால் அவற்றில் ஏதாவது ஒன்று. இந்த மூன்றும் தெரிந்தால் போதும் என்றுதான் பாடங்களில் சொல்வார்கள். ஆனால் அலுவலகத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு.

முதலாவது பெரிய எழுத்து, சிறிய எழுத்து. ஸ்கேனர் ஒன்று பெரிய எழுத்தில் பிடிஎஃப் என்று எழுதும், மெயிலில் வந்தது சிறிய எழுத்தில் இருக்கும். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கு இரண்டும் வேறு. அதே கோடை விண்டோஸ் லேப்டாப்பில் ஓட்டினால் எல்லாப் பில்லும் வரும், லினக்ஸ் சர்வரில் ஓட்டினால் ஸ்கேன் செய்தவை மட்டும் காணாமல்போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. இதைத் தவிர்க்க, "*.பிடிஎஃப்" போன்ற தேடல் வடிவத்தை நம்பாமல் வாலை எடுத்துச் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடுவது நல்லது: சஃபிக்ஸ்.லோயர்() == ".பிடிஎஃப்". பைத்தான் 3.12 முதல் க்ளாபிடமே ‘எழுத்து வேறுபாடு பார்க்காதே’ என்று சொல்லவும் வழி இருக்கிறது.

இரண்டாவது, எக்செல் மேக்ரோ எழுதுபவர்களுக்கு. பனியன் கம்பெனிகளில் பைத்தானை விட, எக்செல்லுக்குள்ளேயே எழுதும் விபிஏ மேக்ரோக்கள்தான் அதிகம் ஓடுகின்றன. அதில் ஃபைல்களை எடுக்க ‘டிர்’ என்ற கட்டளை. முதல் தடவை வடிவத்தோடு கூப்பிட வேண்டும், அடுத்தடுத்த தடவை வெறுமனே கூப்பிட வேண்டும், வெற்றுச் சொல் வந்தால் பட்டியல் முடிந்தது என்று பொருள். இதில் "*.எக்ஸ்எல்எஸ்" என்று கேட்டால் பழைய எக்ஸ்எல்எஸ் மட்டுமல்ல, எக்ஸ்எல்எஸ்எக்ஸும் சேர்ந்து வரலாம். காரணம் முன்னால் சொன்ன எட்டு-மூன்று முறை. விண்டோஸ் பல டிரைவ்களில் ஒவ்வொரு நீளப் பெயருக்கும் டாஸ் காலத்து மாதிரி ஒரு குட்டிப் பெயரையும் வைக்கிறது. அந்தக் குட்டிப் பெயரில் மூன்றெழுத்துக்குத்தான் இடம் என்பதால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் அங்கே எக்ஸ்எல்எஸ் ஆகிவிடும். விண்டோஸ் தேடும்போது இரண்டு பெயரையும் பார்க்கிறது. குட்டிப் பெயர் வைக்கும் வழக்கம் டிரைவுக்கு டிரைவு மாறலாம் என்பதால், ஒரே மேக்ரோ ஒரு டிரைவில் ஒரு எண்ணிக்கையும் இன்னொன்றில் வேறு எண்ணிக்கையும் தரும். பைத்தானின் க்ளாப் குட்டிப் பெயர்களைப் பார்ப்பதில்லை, அதனால் அங்கே இந்தச் சிக்கல் கிடையாது. (பழைய கம்ப்யூட்டரில் ஓடிய மேக்ரோ புதியதில் ‘ஃபைல்சர்ச்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது என்றால் அது வேறு கதை: ஆபீஸ் 2007-இலேயே மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை எடுத்துவிட்டது. மாற்றி எழுதுவதைத் தவிர வழியில்லை.)

மூன்றாவது, சதுர அடைப்பு. ஃபோல்டருக்கு ‘ஆர்டர் [2024]’ என்று பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பாதையை அப்படியே க்ளாப் மாட்யூலின் (பாத்லிப்புக்கு முன்பிருந்தே பைத்தானில் உள்ள தனி நூலகம்) வடிவத்துக்குள் கொடுத்தால், ‘2, 0, 4 ஆகியவற்றில் ஏதாவது ஒரு எழுத்து’ என்று அது புரிந்துகொள்ளும். ஃபோல்டர் கண்முன்னே இருக்கும், பட்டியல் காலியாக வரும். எஸ்கேப் என்ற துணைக் கட்டளை இதற்கென்றே இருக்கிறது.

அழைக்காமல் வருபவை

வடிகட்டி சரியாக இருந்தாலும் பட்டியலில் சில வேண்டாத பெயர்கள் இருக்கும்.

1. அலைக்குறியும் டாலர் குறியும் சேர்ந்து தொடங்கும் எக்செல் ஃபைல். யாராவது ஒருவர் பேக்கிங் லிஸ்ட்டைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில், ‘இது என் கையில் இருக்கிறது’ என்று எக்செல் போட்டுவைக்கும் அடையாளம் இது. மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கோடுக்குத் தெரியும், திறக்கப் போய் பிழையில் நிற்கும். ‘காலையில் ஓடுது, மத்தியானம் ஓடலை’ என்ற புகாருக்குப் பல நேரம் இதுவே காரணம், மத்தியானம் யாரோ ஒருவர் ஃபைலைத் திறந்து வைத்திருப்பார்.

2. புள்ளியும் அடிக்கோடும் சேர்ந்து தொடங்கும் பெயர்கள். டிசைனர் மேக்கில் வேலை செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால், ஒவ்வொரு ஃபைலுக்கும் இப்படி ஒரு நிழல் ஃபைல் உண்டாகும். பத்து டிசைன் கேட்டால் இருபது வந்து நிற்கும். பைத்தானின் இரண்டு க்ளாப்களும் இதில் ஒத்துப்போவதில்லை என்பது கூடுதல் வேடிக்கை: பழைய க்ளாப் மாட்யூல் புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தானாகவே விட்டுவிடும், பாத்லிப்பின் க்ளாப் அவற்றையும் சேர்த்துத் தரும்.

3. பிடிஎஃப் என்று முடியும் ஃபோல்டர். அரிதுதான், ஆனால் ‘ஜூன் பில்.பிடிஎஃப்’ என்று ஃபோல்டருக்கே பெயர் வைப்பவர்களும் உண்டு. இஸ்_ஃபைல்() என்ற சோதனை ஒன்று போதும்.

4. ஒரே பில் இரண்டு தடவை. மெயிலில் ஒருமுறை, வாட்ஸ்அப்பில் ஒருமுறை இறக்கியது. இரண்டாவதின் பெயரில் (1) என்று ஒட்டியிருக்கும். கோடு எண்ணுவது ஃபைல்களை, பில்களை அல்ல. ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவில் ஒரே பில்லை இரண்டு தடவை காட்டிவிட்டால் வரும் விளக்கக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது இதைவிடப் பெரிய வேலை. இரண்டு ஃபைலின் உள்ளடக்கமும் பைட்டுக்குப் பைட் ஒன்றா என்று பார்க்க ஷா-256 போன்ற கையொப்ப எண் கணக்கிட்டு ஒப்பிடலாம். ஆனால் அதே பில்லை இரண்டு தடவை ஸ்கேன் செய்திருந்தால் இதுவும் கைகொடுக்காது, பில் நம்பரைத்தான் பார்க்க வேண்டும்.

வராமல்போவதற்கும் காரணங்கள் உண்டு. உள்ஃபோல்டர்களுக்குள் இருப்பவை சாதாரண நட்சத்திரத்துக்குத் தெரியாது, ஆர்க்ளாப் என்ற கட்டளையோ இரட்டை நட்சத்திரமோ வேண்டும். ஜேபெக் படங்களுக்கு மூன்றெழுத்து வாலும் உண்டு, நான்கெழுத்து வாலும் உண்டு. எம்பிராய்டரி யூனிட்காரர் பில்லைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அது பிடிஎஃப் பட்டியலுக்குள் எந்தக் காலத்திலும் வராது. என்னைக் கேட்டால், அலுவலகத்தில் ‘பில் என்றால் பிடிஎஃப்தான், தனி ஃபோல்டரில்தான்’ என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவருவது எந்தக் கோடையும் விடப் பலன் தரும்.

வரிசை: யாரும் உறுதி தராத ஒன்று

இதுவரை சொன்னவை எல்லாம் ஒருநாள் இல்லை ஒருநாள் கண்ணில் பட்டுவிடும். வரிசைச் சிக்கல் அப்படியில்லை. பட்டியல் முழுமையாக இருக்கும், எண்ணிக்கை சரியாக இருக்கும், விடை மட்டும் தப்பாக வரும்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை ஃபோல்டருக்குள் பெயர்களை அகரவரிசைப்படி அடுக்கிய ஒரு மரமாக வைத்திருக்கிறது. அதனால் விண்டோஸில் கோடு ஓட்டினால் வரிசையாகவே வரும், எழுதியவரும் ‘கட்டளையே அடுக்கித் தருகிறது’ என்று நம்பிவிடுவார். இஎக்ஸ்டி4 முறையில் பெயர்களைக் கலைத்துப் பெறும் ஓர் எண்ணின்படி அடுக்கு அமையும், வெளியே பார்க்க அது தாறுமாறாகத் தெரியும். ஃபேட் பென் டிரைவில் ஏறக்குறைய காப்பி செய்த வரிசை, நடுவில் எதையாவது அழித்திருந்தால் அந்தக் காலி இடத்தில் புதியது உட்கார்ந்திருக்கும். அலுவலகம் வளர்ந்து ஃபைல்களை எல்லாம் ஒரு நாஸ் பெட்டிக்கு (நெட்ஒர்க்கில் எல்லோருக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டி) மாற்றும்போது, உள்ளே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ்தான். கோடில் ஒரு எழுத்துகூட மாறாமல் வரிசை மாறிவிடும். பைத்தான் ஆவணத்திலும் பட்டியலின் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை என்றே எழுதியிருக்கிறது.

இதன் விளைவு என்னவாக இருக்கும் என்பதற்கு 2019-இல் வெளியான ஒரு செய்தி போதும். ஹவாய் பல்கலைக்கழக வேதியியலாளர்கள், சயனோபாக்டீரியாவிலிருந்து பிரித்த சேர்மம் ஒன்றை ஆராயும்போது, 2014-இல் வெளியாகிப் பலர் பயன்படுத்திவந்த ஒரு பைத்தான் நிரலை ஓட்டினார்கள். மூலக்கூறின் வடிவத்தை உறுதிசெய்ய உதவும் காந்த ஒத்ததிர்வுக் கணக்கு அது. ஒரே நிரல், ஒரே ஃபைல்கள். விண்டோஸ் 10-இலும் மேக்கின் மேவரிக்ஸ் பதிப்பிலும் ஒரு விடை, மேக்கின் பிந்தைய பதிப்பான மொஹாவியில் வேறு விடை, லினக்ஸ் வகையான உபுண்டுவில் இன்னொரு விடை. தேடிப்பார்த்தால் குற்றவாளி க்ளாப். ஃபைல்கள் வரிசையாக வரும் என்ற நம்பிக்கையில் நிரல் கணக்குப் போட்டிருந்தது. மேவரிக்ஸ் காலத்து மேக்கின் கோப்பு முறையும் விண்டோஸைப் போலப் பெயர்களை அடுக்கியே வைத்தது, மொஹாவியின் ஏபிஎஃப்எஸ் அப்படி வைப்பதில்லை. திருத்தம் ஒரே சொல்தான், ஆனால் அந்த நிரலை நம்பி எழுதிய ஆய்வுக் கட்டுரைகளின் மேல் எல்லாம் கேள்வி விழுந்துவிட்டது.

அந்தச் சொல் சார்ட்டட்:

சார்ட்டட்(பாத்("பில்கள்").க்ளாப்("*.பிடிஎஃப்"))

வேதியியல் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். இதே தவறு திருப்பூரில் எப்படி வரும் என்று பாருங்கள். ஒரு ஃபோல்டரில் ஸ்டைல் வாரியாக எம்பிராய்டரி டிஎஸ்டி ஃபைல்கள், இன்னொரு ஃபோல்டரில் அதே ஸ்டைல்களின் படங்கள். இரண்டு பட்டியலையும் எடுத்து முதலுக்கு முதல், இரண்டாவதற்கு இரண்டாவது என்று ஜோடி சேர்த்து பையருக்கு அப்ரூவல் ஷீட் தயாரிக்கிறது ஒரு கோடு. விண்டோஸில் மாதக்கணக்கில் சரியாக ஓடும். நாஸுக்கு மாற்றிய மறுநாள் பூனைப் படத்துக்கு நேராக யானையின் தையல் எண்ணிக்கை வந்து உட்காரும். சார்ட்டட் போட்டாலும் ஒரு பக்கத்தில் ஒரு ஃபைல் குறைந்தால் அதற்குக் கீழே எல்லா ஜோடியும் ஒரு படி நழுவும். ஜோடி சேர்ப்பது என்றால் இடத்தை வைத்துச் சேர்க்கவே கூடாது, பெயரிலுள்ள ஸ்டைல் நம்பரை வைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

அடுக்கினாலும் இன்னொரு சின்னக் குழப்பம் மிஞ்சும். ‘பக்கம் 2’, ‘பக்கம் 10’ என்று இரண்டு பெயர்கள். எக்ஸ்ப்ளோரரில் 2 முன்னால், 10 பின்னால். விண்டோஸ் எக்ஸ்பி முதல் எண்களை எண்களாகவே எடுத்து அடுக்கிக் காட்டுகிறார்கள். கோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடும், 1 என்ற எழுத்து 2-க்கு முந்தியது, ஆகவே 10 முன்னால் வந்துவிடும். பேக்கிங் லிஸ்ட் பக்கங்களை ஒரே பிடிஎஃப்பாக இணைத்தால் முதல் பக்கத்தை அடுத்துப் பத்தாம் பக்கம் நிற்கும். பெயர் வைக்கும்போதே 02, 10 என்று சுழியம் சேர்த்து வைப்பது எளிது.

காலிப் பட்டியல் எதைச் சொல்கிறது

கோடு ஓடி முடிந்து, பட்டியலில் ஒன்றுமே இல்லை. இதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். ஃபோல்டரில் பிடிஎஃப் இல்லை என்பது ஒன்று, அப்படி ஒரு ஃபோல்டரே கிடைக்கவில்லை என்பது மற்றொன்று. க்ளாப் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் தரும். பாதையில் ஒரு எழுத்து தவறினாலும் அமைதியாகக் காலிப் பட்டியல். லிஸ்ட்டிர் என்ற கட்டளை இந்த விஷயத்தில் மேல், ஃபோல்டர் இல்லையென்றால் பிழை காட்டி நின்றுவிடும்.

அலுவலகங்களில் இது வெளிப்படும் விதம் அநேகமாக ஒன்றுதான். பொது ஃபோல்டரை இஸட் டிரைவ் என்று இணைத்து வைத்திருப்பார்கள். கையால் ஓட்டினால் கோடு நன்றாக வேலை செய்யும். இரவு பத்து மணிக்குத் தானாக ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் போட்டு, யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓடட்டும் என்று தேர்ந்தெடுத்தால், காலையில் அறிக்கை பூஜ்யம் என்று வந்திருக்கும். இஸட் என்ற எழுத்து லாகின் செய்த ஆளுக்கானது. அவர் உள்ளே இல்லாதபோது அந்த டிரைவும் இல்லை. சர்வரின் பெயரில் தொடங்கும் முழு நெட்ஒர்க் பாதையைக் கொடுத்து, அந்த டாஸ்க் ஓடும் கணக்குக்கு அந்த ஃபோல்டரைத் திறக்கும் அனுமதியும் இருந்தால் இது தீர்ந்துவிடும். கூடவே கோடின் முதல் வரியிலேயே ஃபோல்டர் இருக்கிறதா என்று எக்ஸிஸ்ட்ஸ்() கொண்டு பார்த்து, இல்லையென்றால் சத்தம்போட்டு நிற்கச் செய்ய வேண்டும். பூஜ்யம் என்ற எண்ணை ஆடிட்டரும் நம்பிவிடுவார் என்பதுதான் இங்கே ஆபத்து.

பாதி வந்த ஃபைலும் கிட்டத்தட்ட இதே ரகம். ஸ்கேனர் எழுதிக்கொண்டிருக்கும்போதே கோடு ஓடினால் பெயர் பட்டியலில் வந்துவிடும், உள்ளே பாதிப் பக்கம்தான் இருக்கும். கடைசியாக மாறி ஐந்து நிமிடமாவது ஆன ஃபைல்களை மட்டும் எடு என்று ஒரு நிபந்தனை வைத்தால் போதும்.

பெயர் தமிழில் இருந்தால்

‘கொங்கு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்தான ‘கொ’வை, எழுத்துகளுக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் யூனிகோடு முறையில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ‘ஒ’வுக்குரிய குறியை ஒரே அலகாக வைப்பது ஒரு விதம். கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் இரண்டு அலகாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே தெரியும். எழுத்தெழுத்தாக ஒப்பிடும் கோடுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ‘பொள்ளாச்சி’, ‘கோவை’, ‘சோமனூர்’, எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஈரோட்டுக்கும் உண்டு, சென்னிமலைக்கும் பல்லடத்துக்கும் கிடையாது.

பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விண்டோஸ் நாம் தட்டியதை அப்படியே வைத்துக்கொள்ளும், இன்றைய விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்த்தே தருகின்றன. மேக்கிலிருந்து வந்த ‘பொள்ளாச்சி பில்.பிடிஎஃப்’ ஒன்றும் விண்டோஸில் பெயர் வைத்தது ஒன்றும் ஒரே ஃபோல்டரில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும், ஒரே பெயரில் இரண்டு ஃபைல் எப்படி என்று பார்ப்பவர் திகைப்பார். "பொள்ளாச்சி*.பிடிஎஃப்" என்று கேட்டால் ஒன்று வரும், மற்றது வராது. பைத்தானில் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் கட்டளையை, என்எஃப்சி என்ற அமைப்போடு, இரண்டு பக்கமும் போட்டபின் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றாகும்.

விபிஏவில் நிலைமை இன்னும் மோசம். ‘டிர்’ கட்டளை யூனிகோடுக்கு முந்திய காலத்து எழுத்துக் குறியீட்டில் வேலை செய்வது, விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஒரு பழைய குறியீட்டுப் பக்கமே கிடையாது. ஆகவே தமிழ்ப் பெயருள்ள ஃபைல்கள் கேள்விக்குறிகளாகத் திரும்பி வரும், அந்தப் பெயரைக் கொண்டு ஃபைலைத் திறக்கவும் முடியாது. மேக்ரோவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. டிர் இருக்கும் இடத்தில் ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் என்பதைக் கொண்டுவந்து, ஃபோல்டரின் ஃபைல்ஸ் தொகுப்பை ஒவ்வொன்றாகச் சுற்றி, கெட்எக்ஸ்டென்ஷன்நேம் தரும் வாலைச் சிறிய எழுத்தாக்கி ஒப்பிட்டால் தமிழ்ப் பெயர்கள் முழுசாகக் கிடைக்கும். எக்ஸ்எல்எஸ் கேட்டதற்கு எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வந்த தொல்லையும் அதோடு போய்விடும்.